விளக்கு வைத்த வளைவு

இறம்பொடை
14.11.1958

என் கணவர் சிவசாமி அவர்களுக்கு, பூரணி எழுதுவது. நானும் பிள்ளையும் இருக்கிறோம். கண்டி ஆஸ்பத்திரியில் சோறு ஒழுங்காகக் கிடைக்கிறதா, போர்வை தந்தார்களா என்று தெரியாமல் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

நீங்களோ கடிதத்துக்குக் கடிதம் ரோட்டைத்தான் கேட்கிறீர்கள். பெண்டாட்டி செத்தாளா பிழைத்தாளா என்று கேட்க ஒரு வரி இல்லை. சரி, சொல்கிறேன். நாம் போட்டுக் காட்டும் சோதனைத் துண்டு ரோடு நின்றால், மலை மேலே வரைக்கும் போடும் வேலை நமக்கே என்று இஞ்சினியர் துரை சொன்னதை நம்பித்தானே தோட்டத்து வேலையையும் லயத்து வீட்டையும் விட்டு வந்தோம். அது போய்விட்டது.

தார் ரோட்டின் மேல் நீங்கள் போட்ட மெல்லிய கொங்கிரீட், வளைவைத் தவிர எல்லா இடத்திலும் நன்றாகத்தான் நிற்கிறது. நீங்கள் அடிபட்ட பிறகும் கல் ஏற்றிய லொறியை ஓட்டிப் பார்த்தார்கள். மழை விட்டதும் துரை வந்து இரும்புக் கம்பியால் தட்டித் தட்டிக் கேட்டார். எல்லா இடமும் கணீரென்றது. வளைவில் உடைந்த இடத்தைச் சுற்றி மட்டும் காலிப் பானையைத் தட்டின மாதிரி இருந்தது. கீழே தாரோடு ஒட்டவே இல்லையே, ஏன் என்று கேட்டார்.

அந்த வளைவில், கொங்கிரீட் ஒட்டுவதற்காகத் தேய்த்துக் கழுவிய தாரின் மேல் முனியாண்டிக்கு விளக்கு வைத்து, போத்தல் எண்ணெயையும் ஊற்றியது நீங்கள். துடைச்சிரலாமேண்ணே என்று உங்களோடு வேலை செய்த அழகன் துணியோடு குனிந்தபோது, சாமிக்கு ஊத்தினதுல கை வைக்காதடா என்று அதட்டியதும் நீங்கள். அதன் மேலேயே கொங்கிரீட்டைக் கொட்டினீர்கள். அங்கேதான் லொறிச் சக்கரம் இறங்கி, கல்லெல்லாம் உங்கள் மேல் சரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதத்தின் தலையில் முனியாண்டி துணை என்று போடவில்லை.

எண்ணெய் விசயம் வெளியில வந்தா பழி பூரா சிவசாமி தலையில விழும், கால் போற நேரத்துல அது வேற எதுக்கு, நாங்க யாரும் சொல்லப் போறதில்ல தங்கச்சி என்று பழனியாண்டி கங்காணி என்னிடம் வந்து சொன்னார். குறை கொங்கிரீட்டில் இல்லை, எண்ணெயில்தான் என்று சொல்லியிருந்தால் வேலை தொடர்ந்திருக்கும். இப்போது, இந்த மலைக்கு இது சரிவராது என்று துரை முடித்துவிட்டார். நம் ஆட்கள் திசைக்கொருவராகப் போகிறார்கள். என்னை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்துக் குடிசை லெட்சுமி போகும்போது ஒரு கட்டு கீரை வேறு கொடுத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

நம் குடிசையையும் பிரிக்கிறார்கள். டயகமவில் அக்கா வேலாயி தன் லயத்துக் காம்பராவில் ஒரு மூலை தருகிறாளாம். நாளை மறுநாள் பிள்ளையோடு போகிறேன்.

சாமான் எடுக்கக் கண்டிக்குப் போன கடைக்கார மஃறூப் நானா உங்களைப் பார்த்ததாகச் சொன்னார். கடையில் வெகுநேரம் சீனி விலையையே பேசிக்கொண்டிருந்தார். பிறகுதான், வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றார். நீங்கள் அதை எழுதவில்லை. நானும் ரோட்டுச் சேதியை மறைத்தேன். மறைத்தது போதும். உங்கள் மேல் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் நீங்கள் வந்தாக வேண்டும்.

கண்டியில் பஸ் ஏறாதீர்கள். அது அந்த வளைவில்தான் திரும்பும். ரயிலில், டயகமவுக்குப் போகிற வழியான தலவாக்கலைக்கு வாருங்கள். நான் ஸ்டேஷனில் நிற்பேன். என் தோளைப் பிடித்து இறங்கலாம். உங்கள் முகத்தை மட்டும்தான் பார்ப்பேன், கீழே பார்க்க மாட்டேன்.

உங்கள்
பூரணி