எட்டில் ஏழு பங்கு

நாமகிரிப்பேட்டை,
19.11.1985

அன்புள்ள கணவர் அவர்களுக்கு,

சௌந்திரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் குழந்தை ராசாத்தியும் நலம். அகமதாபாத்தில் குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளியைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் போர்த்திக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாம் தேதி பகலில் நம் பக்கத்திலிருந்து மேலே போன சூடு மிகவும் குறைவு, அப்படியென்றால் மேகம் மூடியிருக்கிறது என்று செயற்கைக்கோள் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். நான் அனுப்பிய கார்டில் மேகமே இல்லை என்று இருந்ததால், கோள் காட்டிய அளவுதான் தப்பு என்று உங்கள் பெரிய அதிகாரியிடம் வாதாடினீர்களாம். வரும் திங்கட்கிழமை எல்லார் முன்னிலையிலும் அதையே சொல்லப் போகிறீர்களாம். தயவுசெய்து சொல்லாதீர்கள். தப்பு என்னுடையது.

தினமும் பன்னிரண்டு மணிக்கு மாடியேறி, வானத்தை எட்டுப் பங்காக்கி, மேகம் எத்தனை பங்கு என்று, கோள் காட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கார்டில் எழுதி அனுப்பச் சொன்னீர்கள். ஒருநாள் தவறாமல் எழுதினேன். ஆறாம் தேதி நம் சேகோ ஆலைக் களத்தில் ஈர ஜவ்வரிசி காயப் பரப்பியிருந்தது. கார்டும் பேனாவுமாக நின்ற என்னைப் பார்த்துவிட்டு உங்கள் அப்பா, "களத்துல மாவு கெடக்கறப்ப மேகம்னு வாயில சொல்லப்படாது, கையில எழுதப்படாது சாமி. எழுதுனா வந்து நின்னுக்கும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. தலைக்கு மேல் ஏழு பங்கு மேகத்தை வைத்துக்கொண்டு சைபர் என்று எழுதினேன். பத்தாவது படித்தவளுக்கு இந்தப் புத்தியா என்று திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எழுதாததால் மேகம் போய்விட்டதா? மூன்று நாள் அசையவில்லை. அன்று மாலையே களத்திலிருந்து வாரிவிட்டதால், அடுத்த இரண்டு நாள் கார்டில் உள்ளதையே எழுதினேன். அத்தனை ஜவ்வரிசியும் புளித்துப் பழுப்பேறிவிட்டது. உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றார் உங்கள் அப்பா. அவரிடம் சொல்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

தபால் நேரத்துக்குச் சேருமோ என்று பயமாக இருக்கிறது. அதனால், உங்கள் ஊருக்கு லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு வரும் சங்ககிரி செங்கோட்டையன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். "ஞாயித்துக்கெழமைக்குள்ள மாப்பிள்ளை கையில சேர்த்திப்போடறன் அம்மிணி" என்றிருக்கிறார்.

அவரிடம் ஒரு பொட்டலமும் இருக்கும். அந்த ஆறாம் தேதி ஜவ்வரிசிதான். பாயசத்துக்கு ஆகாது. உங்கள் அதிகாரியிடம் காட்டுங்கள். வெயில் கண்டிருந்தால் இந்த நிறம் வந்திருக்காது என்று சொல்லுங்கள்.

அங்காளம்மன் புண்ணியத்தில் உங்கள் வேலைக்கு ஒரு குறையும் வரக் கூடாது. இன்றும் களத்தில் ஜவ்வரிசி கிடக்கிறது. மேகம் எட்டில் மூன்று பங்கு. உள்ளபடியே கார்டில் எழுதிவிட்டேன். இனி என் கார்டை நம்புவீர்கள்தானே?

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
சௌந்திரம்