சிரித்தவன் பாத்திரம் கழுவ வேண்டும்

அன்பு மகள் ரெனீட்டாவுக்கு அப்பா எழுதுவது.

லண்டன் குளிரில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று சொல்வதானால், உன் அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, என் ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கி நடக்கிறது, உன் தம்பி கார்னெலின் உடைந்த தாடையில் கட்டியிருந்த கம்பியைப் போன திங்கட்கிழமை எடுத்துவிட்டார்கள். இப்போது மசித்த உருளைக்கிழங்கு சாப்பிடுகிறான், ஏழு வாரம் உறிஞ்சுகுழலில் சூப்பு குடித்தவனுக்கு அது விருந்துதான். வெள்ளிக்கிழமை அம்மா கெளுத்தி மீன் பொரித்தாள், அவன் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எனக்கும் இறங்கவில்லை. காரை நிறுத்தி அவனை அடித்த போலீஸ்காரன் சம்பளத்தோடு லீவில் இருக்கிறான், அவனுக்கு மெல்லுவதில் ஒரு சிரமமும் இல்லை. பாஸ்டர் ஸ்டோக்ஸ் மூன்று ஞாயிறாக மன்னிப்பைப் பற்றியே பிரசங்கம் செய்கிறார், அவர் தாடையும் நன்றாகத்தான் இருக்கிறது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துவிட்டு வருகிறேன். போனில் பேசலாமே என்பாய், பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள், இது அவள் காதில் இப்போதைக்கு விழக்கூடாத விஷயம், அதனால்தான் காகிதம்.

தம்பியைப் பற்றி நீ காமெடி மேடையில் பேசிய வீடியோவை நம் தெருவில் பார்க்காத ஆள் இல்லை. முடிவெட்டப் போன இடத்தில் ஓட்டிஸ் எனக்கே போட்டுக் காட்டினான், "அண்ணே, உங்க பொண்ணு அந்தப் போலீஸ்காரனை உரிச்சுத் தொங்க விட்டுட்டாண்ணே, நம்மால முடியாததை வாயாலயே செஞ்சுட்டா" என்று கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டிச் சொன்னான். பாதித் தலையோடு உட்கார்ந்து பார்த்தேன். "என் தம்பி ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வச்சுக்கிட்டு பதினோரு தடவை சார் போட்டான், ஆனா அந்தாளு பேன்ட் ஜிப்பு தொறந்து கெடந்துச்சு, சிரிக்காம என்னங்க பண்ணுவான்?" என்கிறாய், அரங்கமே புரண்டு சிரிக்கிறது. எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஜிப்பு திறந்திருக்கவில்லை நீட்டா. அது நீ கற்பனையில் போட்டுக்கொண்டது. அவன் ஏன் சிரித்தான் என்று உனக்குத் தெரியாது, எங்களுக்கும் அப்போது தெரியாது, தெரியாத இடத்தில் நீ ஒரு ஜிப்பை வைத்துவிட்டாய்.

அந்த ஜிப்பு என்ன செய்தது என்று கேள். வண்டி ஓட்டியவர் அதிகாரியைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார் என்று அந்தப் போலீஸ்காரன் அறிக்கையில் எழுதியிருக்கிறான், அந்த ஒரு வார்த்தையில்தான் நாம் போட்ட வழக்கே தொங்குகிறது. சிரித்தான், அதனால் எதிர்த்தான், அதனால் அடித்தோம், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. போன செவ்வாய்க்கிழமை கார்னெலிடம் வாக்குமூலம் எடுத்தார்கள், நம் வக்கீல் மிஸ் விட்லோ என்னையும் கூட உட்கார விட்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் மேஜைமேல் உன் வீடியோவை ஓடவிட்டான். அதில் அத்தனை பேர் சிரிக்கிறார்கள், அந்த அறையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "உங்க அக்காவே சொல்றாங்களே, அதிகாரியோட உடுப்பைப் பாத்துக் கேலியா சிரிச்சீங்கன்னு. இல்லேன்னா வேற எதுக்குத்தான் சிரிச்சீங்க?" என்று கேட்டான். கார்னெல் இரண்டு கைகளையும் விரல்கள் தெரிய மேஜைமேல் அகட்டி வைத்துக்கொண்டு, "தெரியாது சார்" என்றான். திரும்பக் கேட்டான், "தெரியாது சார்." நான்கு தடவை கேட்டான், நான்கு தடவையும் அதே பதில், அதே குரல், கை நகரவில்லை. அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. இதைப் படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

கறுப்புப் பிள்ளையின் வண்டியைப் போலீஸ் நிறுத்தினால் எப்படி நடந்துகொள்வது என்று பழக்க, ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் உங்கள் இருவரையும் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஆளுக்கொரு தட்டை ஸ்டியரிங் என்று கையில் கொடுப்பேனே. என் பஸ் டிரைவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மூக்கால் பேசிக்கொண்டு போலீஸ்காரனாக வருவேன். "உன்னை எதுக்கு நிறுத்தினேன்னு தெரியுமா?" என்பேன். தட்டிலிருந்து கையை எடுக்காமல் "தெரியாது சார்" என்று சொல்ல வேண்டும், சிரித்தவன் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். கார்னெல் பதினாறு வயது வரைக்கும் பாத்திரம் கழுவினான். வாக்குமூலம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரங்கட்டிவிட்டு அவனைக் கேட்டேன். தாடை இன்னும் சரியாகத் திறக்காது, பல்லுக்குள்ளேயே பேசுகிறான். "அந்தாளு குனிஞ்சு, எதுக்கு நிறுத்தினேன்னு தெரியுமான்னு கேட்டான்ப்பா, எனக்கு உங்க மூக்குக் குரல்தான் கேட்டுச்சு, அடக்கித்தான் பாத்தேன், முடியல. அம்மாகிட்ட சொல்லாதீங்க. கோர்ட்டுலயும் வேணாம்ப்பா, உங்களைக் கூண்டுல ஏத்திக் கிழிச்சிடுவாங்க" என்றான். அதற்குத்தான் நான்கு தடவையும் தெரியாது சார்.

அடுத்த வீட்டு ஹார்லன் இதே பாடத்தைப் பெல்ட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். நான் அவனோடு சண்டை போட்டேன், பிள்ளைகளுக்கு மரியாதை தெரியட்டும், பயம் எதற்கு என்று பெரிய மனுஷனாட்டம் பேசினேன். ஹார்லனின் மூன்று பையன்களுக்கும் தாடை முழுசாக இருக்கிறது. இதையும் எழுதிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி, ஏறுகிறவனுக்கெல்லாம் சார் போட்டு, வீட்டுக்கு வந்து நான் சொல்லிக்கொடுத்தது அந்த ஒரு கேள்விக்குச் சிரிக்க.

அதனால் பத்தொன்பதாம் தேதி நானே சாட்சி சொல்லப் போகிறேன். மிஸ் விட்லோ, "போலீஸைக் கேலி பண்ணப் பிள்ளையைப் பழக்கினீங்களான்னு கேப்பாங்க, தயாரா இருங்க" என்றாள். ஆமாம், பழக்கினேன், உயிரோடு வீட்டுக்கு வரட்டும் என்று பழக்கினேன் என்பேன். கார்னெல் கோபத்தில் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், ஜிப்பு விஷயம் உன் கற்பனை என்று அதில் கையெழுத்துப் போட்டுப் பதினைந்தாம் தேதிக்குள் வந்து சேரும்படி அனுப்பு. மறந்துவிடாதே, தள்ளிப்போடாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும். வீடியோவை எடுத்துவிடச் சொல்லி மிஸ் விட்லோ கேட்கிறாள், அதை நீயே முடிவு செய். ஆனால் இனி மேடையில் தம்பியைப் பற்றிப் பேசினால் ஜிப்பை விட்டுவிடு. தட்டைச் சொல், தொப்பியைச் சொல், என் மூக்குக் குரலில் என்னைப் போலவே பேசு, உனக்கு நன்றாக வரும். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்துகிறார்கள் என்று மட்டும் பார்த்து எனக்கு எழுது.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. கர்த்தர் உன்னைக் காக்கட்டும், அவர் அசந்த நேரத்தில் உன் வாய் உன்னைக் காக்கட்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று. அந்த விளையாட்டில் ஒவ்வொரு ஞாயிறும் நீதான் ஜெயித்தாய், ஒரு நாள்கூட நீ பாத்திரம் கழுவியதாக ஞாபகம் இல்லை. கெட்டிக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டேன். ஊரையே சிரிக்க வைக்கிறவள் என் முன்னால் மட்டும் ஏனம்மா சிரிக்கவே இல்லை? அது விளையாட்டு இல்லை என்று ஆறு வயதிலேயே உனக்குப் புரிந்துவிட்டதா?

இப்படிக்கு,
உன் அப்பா
லூஷியஸ் டாலிவர்