படகில் எழுதிய பெயர்

அன்புள்ள மாலாவுக்கு,

நேற்று மாலை லைட்ஹவுஸ் குப்பத்து ஊர்க்கூட்டம் கூடி, ஒரு ஜப்பான் ஓவியரை ஆங்கிலத்தில் எப்படி அழைப்பது என்று ஒருமனதாக முடிவு செய்தது. கிழிந்த வலை தைக்கும் வேலைகூட அதற்காக நிறுத்தி வைக்கப்பட்டது.

அவருடைய 'பேரலை' ஓவியத்தைப் பார்த்து நம் படகில் நீ வரைந்தாய். மரியாதையாக இருக்கட்டுமே என்று அதன் கீழே ஆங்கிலத்தில் 'மிஸ்டர் கட்சுஷிகா' என்று எழுதியவன் நான். அது குடும்பப் பெயர், ஜப்பானில் முதலில் வரும், அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட 'ஹோகுசாய்' என்ற பெயரால்தான் உலகமே அவரை அழைக்கிறது என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. நீ கோபித்துக்கொண்டு திருப்பாலைவனத்துக்கு, உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய்.

கூட்டத்தில் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா எழுந்தாள்.

"ஏம்பா, உங்க நைனா பேரச் சொல்லிக் கூப்ட்டா நீ திரும்புவியா?"

"நான் இன்னாத்துக்குத் திரும்பணும்? நைனாதான் திரும்புவாரு."

"அப்ப அந்த ஜப்பான்காரன் மட்டும் இன்னா பாவம் பண்ணான்? மாத்தி எழுதிட்டு, அந்தப் பொண்ணப் போயி இட்டாந்துரு."

மாற்றி எழுதிவிட்டேன். 'ஹோகுசாய்' என்று பெரிதாக எழுத இடம் போதாததால், பக்கத்தில் இருந்த என் பெயரை அழித்தேன். நாளை உன்னை அழைத்துப்போக வருகிறேன். என் சமையலைப் பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை.

மீன் ஏலத்தில் படகின் பெயரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியும். இன்று காலை 'ஹோகுசாய்' என்று கூப்பிட்டார்கள். நான் போனேன்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்