சத்தி பஸ்ஸில் போன மருந்து

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். துவைத்த துணி காயவில்லை. என் அறைத்தோழி நந்தினிக்கு மூன்றாம் நாள் காய்ச்சல். சாம்பார் வாசனைக்கே ஓங்கரிக்கிறாள். வலது விலாவுக்குக் கீழே வலி. போன மாதம் எனக்கும் இதே வரிசையில்தான் வந்தது. ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டியை இன்னும் கழுவவில்லை. கேட்டால் வார்டன், "ஆளுக்குச் சொல்லியிருக்குது கண்ணு." ஒரு மாதமாகச் சொல்லியிருக்கிறது.

ஜூன் 5

காய்ச்சல் விட்டது. கண் மஞ்சள். சிறுநீர் கடுங்காப்பி நிறம். டாக்டர் சொன்னது: ஹெபடைடிஸ் ஏ மஞ்சள்காமாலை, ஓய்வு, மூன்று நாளில் மறுபடி ரத்தப் பரிசோதனை, வேறு மருந்து கூடவே கூடாது.

எனக்கும் இதையேதான் சொன்னார்கள். நான் தேறியது எங்கள் ஊர் வைத்தியர் மருந்தில். அதை நந்தினியிடம் சொன்னேன். "நீ சொன்னா சரி" என்றாள். சத்தியமங்கலத்தில் அவள் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டேன்.

ஜூன் 6

பொள்ளாச்சியிலிருந்து என் அப்பா வைத்தியரிடம் மூன்று பச்சிலை உருண்டை வாங்கிக் கொடுத்துவிட்டார். தினம் ஒன்று, ஆட்டுப்பாலில், வெறும் வயிற்றில். உப்பு, எண்ணெய் கூடாது. காந்திபுரத்தில் சத்தி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். ஆபீஸுக்கு அரை மணி தாமதம், திட்டு. பரவாயில்லை. மனசுக்குத் திருப்தி.

ஜூன் 8

நந்தினியின் அம்மா போனில்: "இன்னும் மூணு கெடைக்குமா அம்மணி?" மறுபடி அப்பா, மறுபடி பஸ். ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லையாம். நானும் வற்புறுத்தவில்லை.

சோப்பு, ஷாம்பு வாங்க வேண்டும்.

ஜூன் 11

மஞ்சள் கூடிவிட்டதாம். உடம்பெல்லாம் அரிப்பு. அரிப்பு எனக்கும் இருந்தது. பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு, கை நடுக்கம். இவை எனக்கு இல்லை.

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். "நான் யாரு தெரியுதா?" வெகுநேரம் யோசித்தாள். பயமாக இருக்கிறது. உடனே கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொன்னேன்.

ஜூன் 12

ஐசியூ. கல்லீரல் செயலிழந்துகொண்டிருக்கிறது. பிழைப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர் திருப்பிக் கேட்டார்: "வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இல்லீங்க" என்றார் நந்தினியின் அம்மா. என்னை ஓரமாக இழுத்து, "உன்ற பேரு வந்துரும்னுதான் சொல்லல அம்மணி."

அந்த நல்ல மனசு தாங்கவில்லை. அழுதேன். பிறகு நானே போய் டாக்டரிடம் சொன்னேன், ஆறு உருண்டை, தினம் ஒன்று.

அம்மா பின்னாலேயே வந்துவிட்டார். "தெனம் ரெண்டுங்க. சீக்கிரம் தெளியட்டும்னு குடுத்துப்போட்டனுங்க. இந்தப் புள்ளைக்கு அதுலதானுங்க நல்லாச்சு."

நோய் முற்றியதா, மருந்து கெடுத்ததா, இப்போது சொல்ல முடியாதாம். டாக்டர் என் கண்களைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "இவங்களுக்குத் தானாத்தாம்மா நல்லாகியிருக்கும். முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.