சத்தம் வராத எஸ்

இன்று காலை முதல் வரிசையில் ஒருத்தி இருமினாள். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, விரல் நுனியில் தொட்டு, தொண்டையில் தேய்த்துக்கொண்டாள். ஜாதிக்காய்த் தைலம். காற்றாடி அந்த வாசனையை வகுப்பு முழுக்கக் கொண்டுபோனது.

நான் வெண்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பினாங்கு ஒரு தீவு என்ற சாதாரண ஆங்கில வாக்கியம். கடைசிச் சொல்லுக்கு முன்னால் கை நின்றுவிட்டது. இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றுப் பிள்ளைகளுக்கு டீச்சர் பாதியில் நிற்பது அதிர்ஷ்டம். காரணம் கேட்க மாட்டார்கள்.

நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய். நாலு வகுப்பு தள்ளியிருந்து கேட்டிருப்பாய்.

உன் குரல் அப்படி. மேல்மாடியில் நீ வினைச்சொல் நடத்தினால், கீழே கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் கிளறும் அக்கா கரண்டியால் தாளம் போட்டுக்கொண்டே கடந்தகாலம் சொல்வார். "கோ, வெண்ட், கோன்." அவர் எந்தத் தேர்வும் எழுதவில்லை. நம் பள்ளியில் இறந்தகால வினையைத் தப்பில்லாமல் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

பல்கலைக்கழகத்தில் ஒரே அறை நமக்கு. நீ இலக்கணம் எடுத்தாய், நான் இலக்கியம். ஜார்ஜ்டவுனில் ஒரே இடைநிலைப்பள்ளிக்கு இருவருக்கும் வேலை வந்தபோது, கடவுளுக்குக் கற்பனை போதாது என்றாய். தினமும் பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு பெரிப் படகில் ஏறிக் கடல் தாண்டி வருவாய். நான் ஆயர் ஈத்தாமில் பிறந்தவள். அதனால் நான் உனக்குத் தீவுக்காரி, நீ எனக்கு அக்கரைக்காரி.

கவிதை நடத்தும்போது நான் வரிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பற்றிப் பேசுவேன். சொல்லாமல் விட்டதில்தான் கவிதை இருக்கிறது என்பேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். ஒரு நாள் என் வகுப்பு வாசலில் நின்று கேட்டுவிட்டு, ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் சொன்னாய்: "உன் வெற்றிடத்துக்கெல்லாம் மார்க் கிடையாது டி, தீவுக்காரி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

*

அந்த ஆண்டு உன் வகுப்பில் பாதிப்பேர் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். எழுத்து என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு சத்தம் உண்டு என்று நம்பி வந்தவர்கள். தமிழில் அந்த நம்பிக்கை பலித்தது. மலாயிலும் ஏறக்குறைய பலித்தது. பிறகு நம்மிடம் வந்தார்கள்.

வெட்னெஸ்டே. லிஸ்டன். இஸ்லேண்ட். ஒரு எழுத்தையும் பட்டினி போடாமல் படித்தார்கள்.

தர்ஷினியை நினைவிருக்கும் உனக்கு. இரட்டைப் பின்னல், கடைசி வரிசை. ஒரு நாள் ஆங்கில வகுப்பு என்பதை மறந்து தமிழிலேயே கேட்டுவிட்டாள்: "சத்தமே வராத எழுத்த எதுக்கு டீச்சர் எழுதணும்?"

நீ தெரிதல் என்று பொருள்படும் அந்த நாலெழுத்துச் சொல்லைப் பலகையில் எழுதினாய். முதலில் நிற்கும் கே-யை அழித்தாய். இப்போது படி என்றாய். "நௌ" என்று படித்தாள். கொஞ்சம் யோசித்து, "வேற வார்த்தை ஆயிடுச்சு டீச்சர்" என்றாள்.

"அதுக்குத்தான்" என்றாய்.

அதை நீ என்னிடம் பெருமையாகச் சொன்னபோது நான் விடவில்லை. தீவு என்ற சொல்லுக்கு அந்த விளக்கம் ஒத்துவராது என்றேன். அந்தச் சொல்லில் முதலில் எஸ் இல்லவே இல்லை. லத்தீன் சொல்லோடு அதற்கு உறவு இருப்பதாகத் தவறாக நினைத்த படிப்பாளிகள் பிற்பாடு நடுவில் செருகினார்கள். அங்கே அந்த எழுத்து ஒரு பிழை என்றேன்.

நீ கறிபஃப்பைக் கீழே வைத்தாய். "அப்ப என் புள்ளைங்க தப்பே பண்ணல லா. படிச்சவங்க பண்ண தப்ப சத்தமா படிச்சுக் காட்டுறாங்க."

நான் உன் கறிபஃப்பில் பாதியைப் பிய்த்துத் தின்றேன்.

*

தைப்பூசத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர்மலை முருகன் கோவிலில் வேல் வேல் என்று கத்தி உன் தொண்டை போகும். ஒரு வாரம் தவளைபோலப் பேசுவாய். பிள்ளைகள் அதற்கே பெயர் வைத்திருந்தார்கள், தைப்பூசத் தொண்டை என்று. அதனால் அந்த முறையும் யாரும் பயப்படவில்லை. நீயும் பயப்படவில்லை. ஜாதிக்காய்த் தைலம் வாங்கித் தேய்த்தாய். ஆசிரியர் அறையே மணத்தது. கணக்கு டீச்சர் கறி கொதிக்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

மாசி போயிற்று. பங்குனியும் போயிற்று. குரல் திரும்பவில்லை.

கட்டி என்றார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன்மேல் ஒரு மெல்லிய துணி. மருத்துவமனையில் நீ சிறு பலகையில் எழுதி எனக்குக் காட்டிய முதல் வாக்கியம்: "இப்ப நானே ஊமை எழுத்து டி." அடுத்ததாகப் பையிலிருந்து தைலக் குப்பியை எடுத்துக் கொடுத்தாய். மூச்சு இனி மூக்கு வழியாகப் போவதில்லை, வாசனையும் தெரியாது, நீயே வைத்துக்கொள் என்று எழுதினாய்.

நான் அழவில்லை. உன் முன்னால் அழுதால் அதற்கும் ஏதாவது எழுதியிருப்பாய்.

திரும்பி வந்தபோது முதல்வர் உன்னை அழைத்தார். புவான் என்றுதான் எல்லாரும் அந்த அம்மாவை அழைப்போம், நல்லவர். பாடநூல் கிடங்கைப் பார்த்துக்கொள்ளலாம், உடம்புக்கு ஓய்வாக இருக்கும் என்றார். குரல் இல்லாமல் மொழிப்பாடம் எப்படி நடத்துவது என்று அவர் கேட்டது குத்தலாக இல்லை. உண்மையாகவே கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

நீ மலாயில் எழுதினாய்: ஒரே ஒரு பாடம். வந்து பாருங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

உனக்கு அந்த வகுப்பு வேண்டும். அவ்வளவுதான். சம்பளம் எங்கே உட்கார்ந்தாலும் அதேதான். புத்தகங்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் உன்னையே ஒரு அலமாரியில் வைத்துப் பூட்டியதுபோல இருக்கும் என்று எனக்கு எழுதினாய். ஆண்டு முடியும்வரை அந்தப் பிள்ளைகள். வேறெதுவும் கேட்கவில்லை.

நான் உன் குரலாக இருக்கிறேன் என்றேன். நீ எழுதிக் காட்டு, நான் சொல்கிறேன், பாடத்தில் வரும் கவிதையையும் நானே படிக்கிறேன். தலையாட்டினாய். நான் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று படித்துப் பழகினேன். உன் வேகம், உன் அழுத்தம். பாடத்துக்குப் போகும்போது மாடிப்படியில் நின்று எழுதிக் காட்டினாய்: "பின்னால உட்காரு. வாயத் தொறந்த, கொன்னுடுவேன்."

*

அந்த வகுப்பை நான் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். பக்கத்தில் புவான்.

நீ கவிதையின் முதல் வரியை எழுதினாய். மழையில் ஒருவன் தீவுக்குப் படகோட்டிப் போகிறான். எழுதிவிட்டு ஒதுங்கி நின்றாய். வேறு எதுவும் செய்யவில்லை.

யாரும் பேசவில்லை. முன்பெல்லாம் அவர்கள் பேசத் தேவையே இருந்ததில்லை. உன் குரல் அறையின் எல்லா மூலையையும் நிரப்பிவிடும். இப்போது அறை காலியாக இருந்தது. காற்றாடி கிறீச்சிட்டது. புவான் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். என் வாயில் அந்த வரி தயாராக இருந்தது. உன் மிரட்டலும் நினைவிருந்தது.

நீ துடுப்புப் போடுவதுபோலக் கைகளை அசைத்தாய். ஜுன் வெய், எப்போதும் யெஸ் டீச்சர் என்பதைத் தவிர வேறு சொல்லாத அந்தச் சீனப் பையன், மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னான்: "டீச்சர் கறி கிளறுகிறார்."

வகுப்பு வெடித்தது. இல்லை, துணி துவைக்கிறார் என்றாள் ஒருத்தி. படகு, படகு என்று இரண்டு பேர். படகில் எங்கே கறி என்று ஒருவன். எல்லாம் ஆங்கிலம். உடைந்த, நொண்டிய, இலக்கணம் தள்ளாடிய ஆங்கிலம். நீ ஒவ்வொரு தவறுக்கும் முகத்தைச் சுளித்தாய், அவர்களே திருத்தினார்கள். யாரோ ஒருவன் தர்ஷினியைப் பார்த்து வரியைப் படி என்றான்.

எழுந்தாள். இஸ்லேண்ட் என்றாள்.

சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. உட்காரப் போனாள்.

நீ கையை உயர்த்தினாய். சிரிப்பு நின்றது. பலகைக்குப் போய் அந்த எஸ்ஸின் மேல் ஒரு விரலை வைத்தாய். பிறகு அந்த விரலை எடுத்து உன் கழுத்துத் துணியின்மேல் வைத்தாய். மறுபடி எழுத்து. மறுபடி கழுத்து.

தர்ஷினி உட்காரவில்லை. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது, சொற்களைத் தேடி அடுக்குகிற மாதிரி. பிறகு சொன்னாள்.

"டீச்சர் இஸ் தி எஸ்."

முழு வாக்கியம். எழுவாய், வினை, எல்லாம் சரியாக இருந்தன. நீ இரண்டு கட்டை விரலையும் தூக்கினாய். அவள் வரியைத் திரும்பப் படித்தாள், இம்முறை அந்த எழுத்தைத் தொடாமல், பக்கத்தில் நடந்துபோகிறவள்போல.

வெற்றிடத்தைப் பற்றி நான் அத்தனை முறை பேசியிருக்கிறேன். நீ அதன் நடுவில் நின்று பாடம் நடத்தினாய்.

வெளியே வரும்போது புவான் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். கிடங்குக்கு வேறு யாரைப் போடலாம் என்று.

*

ஆண்டு முடியும்வரை அது உன் வகுப்பு. தேர்வு முடிவு பெரிதாக மாறவில்லை. அதை மறைத்து உன்னைப் பெரியவளாக்கத் தேவையில்லை. ஆனால் பேசினார்கள். நடைபாதையில், பெரி முனையில், கேண்டீனில் கரண்டி அக்காவிடம். நீ பேசாததால் யாராவது பேச வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு பள்ளி திறக்கும் முன்பே நீ போய்விட்டாய். திரும்ப வந்த கட்டி இரண்டாம் முறை எதையும் கேட்டு நிற்கவில்லை. பிள்ளைகள் பெரி ஏறி உன் வீட்டுக்கு வந்தார்கள். பள்ளிச் சீருடையில் வரிசையாக நின்றார்கள். உன் அம்மா அவர்களிடம் ஏதாவது சொல்லுங்க என்றார். யாருக்கும் எந்த மொழியும் வரவில்லை. ஜுன் வெய் மட்டும், துடுப்புப் போடுவதுபோல, கையை இரண்டு முறை அசைத்தான். உன் அம்மாவுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

அவர்கள் இப்போது படிவம் மூன்று. தர்ஷினி என்னோடு வாதாடுகிறாள், ஆங்கிலத்தில், பெரும்பாலும் ஜெயிக்கிறாள். உன் படிவம் ஒன்று வகுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உன்னைப்போல் நடத்துவதில்லை. எனக்கு நடிக்க வராது. என் துடுப்பைப் பார்த்தால் நிஜமாகவே கறி கிளறுவதுபோல்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கேள்வி கேட்டபிறகு வாயை மூடிக்கொள்கிறேன். புதிய ஆசிரியர்கள் அதைப் பார்த்துப் பதறுகிறார்கள். பிள்ளைகள் பதறுவதில்லை. அந்த மௌனம் தங்களுக்காகக் காலியாக விட்ட இடம் என்று சீக்கிரமே தெரிந்துகொள்கிறார்கள்.

*

பாதியில் விட்ட வாக்கியத்துக்கு வருகிறேன்.

இன்று காலை, கடைசிச் சொல்லை எழுதி முடித்தேன். தைலம் தேய்த்தவளைப் படிக்கச் சொன்னேன். கரகரத்த தொண்டையில் அவள் இஸ்லேண்ட் என்றாள். அந்தச் சொல்லை இப்படிக் கேட்பதற்கு ஒவ்வோர் ஆண்டும் காத்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த எஸ் ஒலிக்காது என்றேன். உடனே வந்தது கேள்வி, இந்த முறை அவளிடமிருந்து, இந்த முறையும் தமிழில். ஒலிக்காதது எதுக்கு டீச்சர் அங்க?

என்னிடம் லத்தீன் இருந்தது. சொல்லவில்லை. உன் விரலும் கழுத்தும் இருந்தன. அது உன்னுடையது. நான் அழிப்பானை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அவள் எஸ்ஸை அழித்தாள். பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முன்னால் ஒற்றை எழுத்து, பிறகு ஓர் இடைவெளி, பிறகு நிலம் என்று பொருள்படும் நாலெழுத்து.

"படிக்க ஈஸியா இருக்கு டீச்சர்" என்றாள்.

காத்திருந்தேன்.

"ஆனா நம்ம ஊர் மாதிரி இல்ல. நடுவுல இடம் காலியா கெடக்கு லா. ஏதோ அங்க இருக்கணும்."

யாரும் சொல்லாமல் மார்க்கரை எடுத்தாள். விட்டுப்போன இடைவெளி சரியாக ஓர் எழுத்து அகலம். அதில் எஸ்ஸை எழுதினாள். பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து படித்தாள். தப்பில்லாமல்.

அக்கரைக்காரி, கேள். வெற்றிடத்துக்கு மார்க் கிடையாது என்றாயே. இன்று போட்டேன்.