அம்மாவின் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு

அன்பு மகள் ப்ரியனிக்கு,

பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அது முக்கால் உண்மை. போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள், அதனால் கடிதம். கரும்பு வெட்டு முடிந்துவிட்டது, விளைச்சல் பரவாயில்லை. உன் நாய் பாம்பைக் கண்டு குரைத்து என்னைக் காப்பாற்றியதாக அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள், அது தோட்டத்துக் குழாய்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளத்தின்போது கூரை மேல் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்ததிலிருந்து அம்மாவுக்கு இருக்கும் பதற்றம் உனக்குத் தெரியும். தகரத்தில் மழை விழுந்தால் கை நடுங்கும், என் காரைத் தவிர வேறு வண்டியில் ஏறமாட்டாள். வியாழன்தோறும் லிஸ்மோர் டவுனில் ஒரு பெண் உளவியலாளரிடம் பேசப் போவாள், நான் ஓட்டிப் போய் வெளியே காத்திருப்பேன். ஒரு மணி நேரம் அப்படி என்னதான் பேசுவார்களோ, பாதி என்னைப் பற்றித்தான் இருக்கும். அது போகட்டும். நாலைந்து மாதத்துக்கு முன் ஒரு டாக்டர், கம்ப்யூட்டர் திரையில் இருபது நிமிடம் அவளைப் பார்த்துவிட்டு, அந்தப் பேச்சு சிகிச்சைக்குத் துணையாக இருக்கட்டும் என்று கஞ்சா எண்ணெய் எழுதிக்கொடுத்துவிட்டார். நான் வாலிபனாக இருந்தபோது மலைப்பக்கம் இதை வளர்த்தவர்களைப் போலீஸ் ஹெலிகாப்டரில் தேடியது. இப்போது சீட்டு ஒட்டிய புட்டியில் வீட்டுக்கே வருகிறது, நம்பச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. புட்டியில் பென்சிலால் கோடு போட்டு அளவு பார்த்தேன். அவள் டி.வி. பார்த்துச் சிரித்தால் அது அவள் சிரிப்பா எண்ணெயின் சிரிப்பா என்று முகத்தையே பார்ப்பேன். என்னத்தப் பாக்குற மெர்வ், கொம்பா மொளச்சிருக்கு என்று கேட்பாள். இது குணமாக்குற மருந்துன்னு யாரும் சொல்லல, அந்தம்மாகிட்ட உக்காந்து வெள்ளத்தப் பத்திப் பேசுற அளவுக்குப் படபடப்பக் கொறைக்குது, அவ்ளோதான் என்றும் சொன்னாள். என் சந்தேகம் அடங்கவில்லை.

ஒரு வியாழன் காலை, அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது, இது என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று இரண்டு சொட்டு நாக்கின் அடியில் விட்டுக்கொண்டேன். வெட்டிய புல்லின் ருசி, வேறொன்றும் இல்லை. இதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்று சீட்டில் போட்டிருந்தது, படித்தேன். வேலையே செய்யாத மருந்துக்கு அந்த விதி எதற்கு என்று சாவியை எடுத்தேன். பாலத்துக்கு முன்னால் போலீஸ் நிறுத்தி, போதைச் சோதனைக் குச்சியை நாக்கில் தடவச் சொன்னார்கள். நிறுத்திய பையன் வெள்ளத்தில் நான் ஓட்டிய தீயணைப்பு வண்டியில் மணல் மூட்டை ஏற்றியவன். அவனுக்குக் குச்சியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அம்மாவின் மருந்து, இரண்டே சொட்டு என்று சொன்னேன். மருந்து உங்க பேர்லயே இல்லையே மெர்வின், உங்க பேர்ல இருந்தாலும் இங்க ஓட்டக் கூடாதுன்னுதான் சட்டம் என்றான். எனக்கு மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அம்மா இறங்கி வந்து என்னைக் கரும்பு ஓரத்தில் புல்லில் உட்காரவைத்தாள். என்னப் பாரு, கண்ணுல படுற அஞ்சு பொருளச் சொல்லு என்றாள். சொன்னேன். இப்ப காதுல கேக்குறத நாலு சொல்லு என்றாள். சொல்லச் சொல்ல மூச்சு வந்தது, அந்த உளவியலாளர் அவளுக்குக் கற்றுக்கொடுத்த வித்தையாம். அந்தப் பக்கம் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, அவள் கை நடுங்கவே இல்லை. அப்புறம்தான் கேட்டாள், என்ன நம்பலன்னா என்னையே கேட்டிருக்கலாமே மெர்வ் என்று. போலீஸ் பிடித்ததைவிட அது வலித்தது.

ஆய்வகத் தாள் வந்து, மூன்று மாதத்துக்கு உரிமம் போயிற்று. சரி, லிஸ்மோர் பயணமும் எண்ணெயும் இதோடு நிற்கும் என்று உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டேன், வெட்கமாக இருக்கிறது, உனக்கு மட்டும் எழுதுகிறேன். அவள் மறுநாளே போன் செய்து, முதியவர்களை ஏற்றிப் போகும் சின்ன பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டாள். முதல் தடவை வாசலில் நின்றபோது முகம் வெளுத்திருந்தது, நானும் கூட வரட்டுமா என்றேன், வேண்டாம் என்று ஏறிவிட்டாள். இது மூன்றாவது வாரம். அந்தத் திரை டாக்டரை நான் இன்னும் நம்பவில்லை, அதை அழித்து எழுதமாட்டேன். ஆனால் ப்ரியனி, நான் இத்தனை நாள் சந்தேகப்பட்டது எண்ணெயை மட்டும் இல்லை. என் கார் இல்லாமலே அவள் சமாளித்துக்கொண்டால் நான் எதற்கு என்று பயந்திருக்கிறேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, மாப்பிள்ளையை முதுகுக்கு ஒழுங்காக டாக்டரிடம் காட்டச் சொல். கடவுள் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். ஒன்றை மறக்காதே. வியாழக்கிழமை பத்து மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்யாதே, பஸ்ஸில் இருப்பாள். எனக்குச் செய்.

அன்புடன்,
அப்பா மெர்வின்