ஏழாவது பாட்டின் அலறல்

என்னங்க,

விமர்சனங்களைப் படித்தீர்களா? ரத்தம் தெறிக்கும் படங்களாக எடுத்துத் தள்ளும் உங்கள் அபிமான இயக்குநருக்காக நாம் போட்ட ஆல்பத்தில், ஏழாவது பாட்டின் அலறலைத்தான் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். கொலையாகும் பெண்ணாகவே நான் மாறிவிட்டேனாம்.

இரண்டு விரல்களில் எலும்பு கூடிவிட்டது. மூன்றாவது இன்னும் மடங்கவில்லை. சட்டைப் பொத்தானைத் தங்கைதான் போட்டுவிடுகிறாள். இன்றைய மேடைக்கு நீங்கள் தைக்கச் சொன்ன சிவப்புக் கையுறை அழகாகத்தான் இருக்கிறது.

பாட்டுப் பதிவு அன்று பதினோரு தடவை கத்தினேன். "நடிக்கிறடி. அவர் படத்துல யாராச்சும் நடிச்சுப் பாத்திருக்கியா?" என்றீர்கள். பியானோ கட்டைகளின் மேல் இருந்த என் கையைப் பார்த்தீர்கள். பிறகு பியானோ மூடியைப் பார்த்தீர்கள்.

மூடி விழுந்த சத்தத்தையும், "ஆங், இதுதான் வேணும்" என்ற உங்கள் குரலையும் வெட்டிவிட்டுத்தான் ஆல்பத்தில் சேர்த்தீர்கள். ஆனால் ஒலிப்பதிவாளர் அண்ணன் வெட்டாத பதிவை எப்போதும் தனியாக எடுத்து வைப்பார். அது உங்களுக்கு மறந்தே போய்விட்டது.

இடைவேளையில் இந்தக் கடிதத்தை உங்களிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்தது ஏழாவது பாட்டு. நான் வாய் திறக்கப்போவதில்லை, அந்தப் பதிவுதான் ஓடும். உங்கள் பக்கத்தில் இயக்குநர் உட்கார்ந்திருப்பார். உங்கள் குரல் கேட்டதும் அவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

அப்போது தயவுசெய்து நடிக்காதீர்கள்.

உங்கள் பாட்டுக்காரி